அலங்காநல்லூர் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு பதில் வேண்டும்

சர்க்கரைத் துறை ஆணையர் அவர்களுக்கு,

அலங்காநல்லூரை உலகம் ஜல்லிக்கட்டு வாடிவாசலை வைத்துத்தான் அறிந்திருக்கிறது. தை மூன்றாம் நாள் கூட்டம் கலைந்துவிடும். அதன் பிறகு ஆண்டு முழுக்க இந்த வட்டாரத்துக்கு வேலையும் வரும்படியும் கொடுத்தது தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலை. அங்கே 2019 முதல் அரவை இல்லை. கரும்பு போதவில்லை என்றார்கள். வறட்சியில் கரும்புப் பரப்பு சுருங்கியது மறுக்க முடியாத உண்மை. ஆலையைத் திறக்கச் சொல்லி விவசாயிகளும் தொழிலாளர்களும் பலமுறை போராடிவிட்டார்கள்.

சர்க்கரை ஆலையில் வேலைக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்பது உங்கள் துறைக்குத் தெரியாததல்ல. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் பிழியாவிட்டால் சர்க்கரைச் சத்து இறங்கத் தொடங்கும். அதனால் வெட்டு உத்தரவு கொடுக்கும் கரும்பு உதவியாளர் முதல் பாய்லருக்குச் சக்கை தள்ளுபவர் வரை, ஒருவர் பிசகினால் எல்லோருக்கும் நட்டம். பான் தளத்தில் நிற்பவர் கொதிக்கும் பாகில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குருணை சீராக விழுந்திருக்கிறதா, இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டுமா என்று அந்தக் கண்ணே தீர்மானிக்கும். அந்தக் கண் பழகப் பல பருவங்கள் ஆகும். அன்றைய சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம், உயர்ந்தால் அதில் தன் பங்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அந்த நிறைவை எந்த ஊக்கத்தொகையும் ஈடுகட்டாது.

அந்த வேலை பறிபோனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற சிற்றூரில் ஆலை மூடப்பட்ட பின் சமூக ஆய்வாளர் மரீ யஹோடாவும் சக ஆய்வாளர்களும் அந்த மக்களோடு பழகி, 1933-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். நேரம் ஏராளமாகக் கிடைத்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்தார்கள். ஆண்களின் நடைகூடத் தளர்ந்தது. வேலை போனவுடன் பொழுதின் ஒழுங்கும் போய்விட்டது. கூலியை மட்டும் கணக்குப் பார்க்கும் நிர்வாகங்களுக்கு இந்த இழப்பு தெரிவதேயில்லை.

நம் ஆலையின் தொழிலாளர்கள் பலர் வேறு ஆலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சம்பளம் வந்தாலும், குடும்பம் ஓரிடம் தான் ஓரிடம் என்று இருப்பவர், தன் ஆலை திறக்குமா மூடுமா என்றே தெரியாமல் எந்த ஈடுபாட்டோடு மெஷின் முன் நிற்பார்? பருவகாலத் தொழிலாளியின் பாடு இன்னும் மோசம். அரவை இல்லாத மாதங்களுக்குப் படி கொடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். பருவமே வராத ஆலையில் அவர் எந்தக் கணக்கில் சேர்வார்?

அனுபவசாலிகள் ஒவ்வொருவராக ஓய்வுபெறுகிறார்கள். அவர்களோடு இளையவர்களைச் சேர்த்து இப்போதே வேலை பழக விடுங்கள். பணிக்கொடையை 30 நாளில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். யாருக்காவது பாக்கி இருந்தால் உடனே தீர்த்துவிடுங்கள். மறுதிறப்பு பற்றிப் பேசும் கூட்டங்களில் விவசாயிகளோடு தொழிலாளர்களையும் உட்கார வையுங்கள். ஆலையில் பழுது எங்கே என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

அடுத்த அரவைப் பருவத்துக்குள் ஆலையைத் திறப்பதென்றால் தேதியைச் சொல்லுங்கள். திறப்பதற்கில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுத்தில் கொடுத்து, ஒவ்வொரு தொழிலாளிக்கும் மாற்று ஏற்பாடு என்ன என்பதை அறிவியுங்கள்.