அச்சாரமும் ஆசையும்

"வீட்டைக் கட்டிப் பார்" என்று சொன்ன பெரியோர்கள் "வாங்கிப் பார்" என்று சொல்லவில்லை. வாங்குவதிலும் சங்கடங்கள் உண்டென்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள்.

மதுரையைச் சுற்றிலும் கண்மாய்கள் மிகுதி. நகரம் பெருகப் பெருக அவை சுருங்கின. ஆனால் தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய தெருக்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஆகையால், மனை மலிவு என்று தரகர் சொன்னால், கிராமத்து 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்துவிடுவது உசிதம். கண்மாய் என்றோ வாய்க்கால் என்றோ அங்கே கண்டிருந்தால், மேற்கொண்டு விலை பேசுவது வீண் வேலை.

"வில்லங்கச் சான்று சுத்தமாயிருக்கிறதே!" என்பார்கள். அது பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். கையெழுத்திட மறுக்கும் பங்காளியைக் காட்டாது. வழக்கு நடக்கும் சொத்தை வாங்கியவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே என்பது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உரிமையாளர் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்காமல், பொது அதிகாரப் பத்திரத்தைக் கையில் கொடுத்து "இதுவே விற்பனை" என்றால், அதனால் சொத்து கைமாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூட ஏன் விலகுவதில்லை? அச்சாரம் கொடுத்தாகிவிட்டது, பூஜை அறை எது என்று வீட்டில் தீர்மானமும் ஆகிவிட்டது! ஒரு லட்சம் போய்விடுமே என்று அஞ்சி, நாற்பது லட்சத்தையும் அதன் பின்னாலேயே அனுப்பிவைக்கிறோம். போன பணம் போனதுதான். இனிப் போகவிருக்கும் பணமே நம் கையில் இருப்பது. யோசனை அதைப் பற்றியே இருக்கவேண்டும்.

இதற்கு ஒரு முன்னேற்பாடு உண்டு. உரிமையில் குறை காணப்பட்டால் அச்சாரம் முழுவதையும் இன்ன தேதிக்குள் திருப்பித் தருவதாக, பணம் கொடுக்குமுன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நேர்மையான விற்பனைக்காரர் அதற்குத் தயங்கமாட்டார். மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்ட ஒரு வாரம் கேட்டால், "நாளைக்கே வேறொருவர் வருகிறார்" என்று அவசரப்படுத்துகிறவரிடம், "அவருக்கே கொடுத்துவிடுங்கள், ஐயா" என்று கும்பிட்டு எழுந்துவிடுவதே நலம்.

வாடகை வீட்டில் இன்னும் இரண்டு வருஷம் இருப்பதால் குடும்ப கௌரவம் குறைந்துபோகாது. வில்லங்க வீட்டை வாங்கிவிட்டுக் கோர்ட்டுப் படியேறினால், அது பிள்ளைகளின் காலத்திலும் தீராது.