மறுபரிசோதனையும் தடுப்பு மருந்தும்

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரின் உயிரைப் பறிக்கும் வியாதிகளில் இன்றும் முதலிடம் வகிப்பது க்ஷயரோகமே. அதன் கிருமி தேகத்தினுள் வெளிப்படாமல் உறைந்திருக்கிறதா என்றறிய இக்ரா என்னும் ரத்தப் பரிசோதனை உண்டு. ஒருமுறை 'இல்லை' என்று வந்துவிட்டால் அதையே சாசுவதமான தீர்ப்பாகக் கொண்டுவிடும் மனோபாவத்தைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

க்ஷயக்கிருமியின் புரதங்கள் பூசிய சிறு குழாய்களில் ரத்தத்தை விட்டு, உடற்சூட்டில் 16 முதல் 24 மணி நேரம் வரை வைத்திருந்து, அக்கிருமியை முன்பே அறிந்த வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான்-காமா என்ற வஸ்துவைச் சுரக்கின்றனவா என்று அளப்பது ஒருவகை இக்ராவின் முறை. அந்த அணுக்களையே எச்.ஐ.வி. அழித்துவிட்ட நிலையில், இவ்வகை வெள்ளணுக்களின் அளவைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கிய ஒருவருக்கு 'இல்லை' என்று வரும் முடிவை நம்புவது, மயங்கிக் கிடக்கும் காவற்காரனிடம் கள்வன் வந்தானா என்று விசாரித்து ஆறுதலடைவதற்கு ஒப்பாகும். எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டு, அந்த எண்ணிக்கை 200-ஐ எட்டிய பின், க்ஷயத் தடுப்பு மருந்து பெறாதிருக்கும் அவருக்கு மறுபரிசோதனை செய்தல் அவசியம். அமெரிக்க வழிகாட்டு நெறிகளும் இதையே விதிக்கின்றன.

அதற்காக எல்லோருக்கும் வருஷந்தோறும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வரம்பையொட்டிய முடிவுகள் மாறி மாறி வரக்கூடும். 'உண்டு' என்று வந்து தடுப்புச் சிகிச்சையை முடித்தவருக்கு, அதன் பின்னும் அவ்வாறே வரக்கூடுமாதலால், திரும்பச் சோதிப்பதில் பிரயோஜனமில்லை.

நம் தேசத்திலோ பரிசோதனைக்காகக் காத்திருப்பதே அபாயம். க்ஷயம் மலிந்த இந்நாட்டில், இன்று 'இல்லை' என்று சீட்டு வாங்கியவர் பஸ்ஸிலோ தொழிற்கூடத்திலோ நாளையே கிருமியைச் சுவாசிக்கக்கூடும். ஆகையால், இருமல், ஜுரம், எடைக் குறைவு, இரவில் வியர்வை ஆகிய நான்கும் இல்லாதவருக்கு, ஈரல் நோய் போன்ற வேறு தடையும் இல்லையானால், இக்ராவின் முடிவை எதிர்பாராமலே ஆறு மாத ஐசோநியாசிட் தடுப்பு மருந்தைத் தொடங்கலாம் என்ற விதி இங்கே இருக்கிறது. க்ஷயரோகியை வீட்டிலிருந்தபடியே மாத்திரைகளால் குணப்படுத்தலாம் என்று 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சியால் உலகுக்கு நிரூபித்த சென்னை நகரம், இவ்விதியைச் சிறிதும் பிசகாமல் அனுஷ்டிக்கும் கடமை உடையது.

ஏ.ஆர்.டி. மையங்களின் வைத்தியர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுதான்: இக்ரா செய்தால், முடிவோடு அன்றைய சி.டி.4 எண்ணிக்கையையும் நோயாளியின் புத்தகத்தில் எழுதுங்கள். செய்ய வசதியில்லையேல், அதைக் காரணம் காட்டித் தடுப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திவைக்காதீர்கள்.