பெண்ணுக்கேற்ற வேலையா, நமக்கேற்ற வேலையா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "எந்தக் குரூப் எடுக்கப் போகிறாய்?" என்பதே. மதிப்பெண் மிகுந்தால் டாக்டர் அல்லது என்ஜினீயர். சற்றுக் குறைந்தால் வணிகவியல். அதுவும் இல்லையேல், "பெண்பிள்ளைதானே, டீச்சராகட்டும்" என்ற தீர்ப்பு. மதிப்பெண்ணைப் பார்க்கிறோம், பக்கத்து வீட்டைப் பார்க்கிறோம், அந்த மாணவி எத்தகையவள் என்பதை மட்டும் பார்க்க மறந்துவிடுகிறோம். வேறு வழியில்லாதவர்க்கு உரியது என்று ஆசிரியப் பணியை எண்ணுவது அப்பணிக்கே இழுக்கு. மனமின்றி அதில் சேர்பவரிடம் பயிலும் குழந்தைகளின் நிலை என்னாவது?

இயல்புக்கும் தொழிலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் ஹாலண்ட். 1959-இல் அவர் தம் கொள்கையை வெளியிட்டார். மனிதரின் நாட்டங்களை ஆறு வகையாகப் பிரித்தார்: கருவிகளைக் கையாளுதல், ஆராய்தல், கலை படைத்தல், பிறருக்கு உதவுதல், முன்னின்று நடத்துதல், கணக்கையும் பதிவேட்டையும் ஒழுங்காக வைத்தல். எவரும் ஒரே வகையில் அடங்குவதில்லை; இரண்டு மூன்று கலந்தே இருக்கும். நம் வகுப்பையே பாருங்கள். மிக்ஸி பழுதானால் திருப்புளியைத் தேடுபவள் ஒருத்தி. விளையாட்டு விழாவில் நாற்பது பேரை வரிசையில் நிறுத்துபவள் ஒருத்தி. சுற்றுலாப் பணத்துக்குக் காசு பிசகாமல் கணக்கு எழுதுபவள் இன்னொருத்தி. இவையெல்லாம் மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத பாடங்கள்!

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இயல்பு என்று நாம் சொல்வது பல வேளைகளில் பழக்கமின்மையே. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பட்டது; 1965-இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தோன்றியது. நாள்தோறும் இவற்றின் மதிலோரம் பஸ்ஸில் போகிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒரு ஸ்பானரைக் கையில் பிடித்திருக்கிறோம்? பிடித்தே பாராதவள், "எனக்கு இயந்திரம் பிடிக்காது" என்று எவ்வாறு முடிவு செய்யலாம்? மேடையே ஏறாதவளைக் கூச்ச சுபாவம் உள்ளவள் என்பதும் அத்தகையதே.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு நமது சென்னையிலேயே உண்டு. 1919-இல் பிறந்த அ. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கைம்மை. மடியில் நான்கு மாதப் பெண் குழந்தை. மருத்துவம் பயிலலாமே என்று எண்ணினார். நள்ளிரவில் அழைப்பு வந்தால் குழந்தையை விட்டுச் செல்ல நேருமே என்று அதைக் கைவிட்டார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அதுவரை பெண்கள் பயிலாத அக்கல்லூரியில் மகளைச் சேர்க்க அவரே முயன்று அனுமதி பெற்றார். 1943-இல் லலிதா மின்பொறியாளர் ஆனார். சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துப் பெண்பாலாக எழுத வேண்டியதாயிற்று! பின்னர் கல்கத்தாவில் பணியாற்றி, பக்ரா நங்கல் அணைக்கான மின்பணிகளிலும் பங்கு கொண்டார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதலாவது பன்னாட்டுப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டில் கலந்துகொண்டார்.

லலிதா எதைக் கொண்டு தேர்ந்தார்? "இது பெண்ணுக்கு ஏற்றதா?" என்று கேட்டிருந்தால் மருத்துவத்தையே எடுத்திருப்பார். "இது எனக்கு ஏற்றதா, என் பொறுப்புக்கு ஏற்றதா?" என்று அவர் கேட்டார். நம் கடமைகளும் நம் இயல்பின் ஒரு பகுதியே அன்றோ!

"படித்தவுடன் சம்பாதித்தாக வேண்டும், விருப்பம் பார்க்க ஏது நேரம்?" என்று கேட்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அக்கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரே மருத்துவமனையில் நோயாளிக்கு அருகே நிற்கும் செவிலியர் உண்டு. தனித்திருந்து இரத்தம் சோதிப்பவர் உண்டு. கணக்கு எழுதுபவரும் உண்டு. விரும்பிய இடம் கிட்டாவிடினும், கிட்டிய இடத்துக்குள் நம் இயல்புக்குரிய மூலையைத் தேடிக்கொள்ளலாம். கல்லூரிக்குச் செல்ல இயலாதவர்க்கு அம்பத்தூர் ஐ.டி.ஐ. போன்ற தொழிற்பயிற்சி நிலையங்களும் உள்ளன. அவை கௌரவக் குறைவானவை அல்ல.

ஆகவே தோழியரே, பதினோராம் வகுப்புப் படிவத்தை நிரப்புமுன் சில காரியங்கள் செய்வோம். யாரும் சொல்லாமலே நாம் எடுத்துச் செய்யும் வேலை எது, செய்து முடித்தபின் களைப்புத் தெரியாத வேலை எது என்று எழுதிப் பார்ப்போம். பழகாத ஒன்றையாவது இந்த விடுமுறையில் பழகுவோம். பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது; சிறப்பாசிரியராக விரும்புவோர் பெரியவர்கள் துணையுடன், அனுமதி பெற்று, அப்பணியை நேரில் கண்டு வரலாம். எடுக்கும் பிரிவு சில கதவுகளைத் திறக்கும், சிலவற்றை அடைக்கும் என்பதையும் ஆசிரியையரிடம் கேட்டறிவோம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். இரவுப் பணி, தூரம், பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. அவற்றைச் சொல்லுங்கள், சேர்ந்து வழி தேடுவோம். லலிதாவின் தந்தை தம் மகளுக்குப் பாதையைத் தேர்ந்து கொடுக்கவில்லை. மூடியிருந்த கதவைத் தட்டிக் கொடுத்தார். எங்களுக்கும் அவ்வளவே வேண்டும்.