பெயரேட்டில் ஆளைத் தேடும் நெறி

பொருளைச் சேர்த்து வைத்தல் ஒரு திறம். சேர்த்ததனுள் வேண்டியதை வேண்டியபோது எடுத்தல் வேறொரு திறம். முன்னதற்கு உழைப்புப் போதும். பின்னதற்கு ஒழுங்கு வேண்டும். இதனை நம் சொல்நூல்களே நன்கு விளக்கும். திவாகரம் முதலிய நிகண்டுகள் சொற்களைத் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் எனத் தொகுதி தொகுதியாகப் பிரித்துச் செய்யுளில் அமைத்தன. மனப்பாடம் செய்தார்க்கு அவை கையிலுள்ள செல்வம். செய்யாதார்க்கோ பூட்டிய பெட்டி. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றிச் சொற்களை எழுத்துமுறையில் அடைவுபடுத்தினார். பெயர், பொருள், தொகை, தொடை என அதனை நான்காக வகுத்தார். வினா வேறாயின் தேடும் வழியும் வேறாதல் வேண்டும் என்பது இதனால் நாம் அறியத்தக்கது.

நிற்க. இக்காலத்துக் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் தம் ஆட்களின் பெயர்களைக் கணினி வலையமைப்பில் ஒரு பெயரேடாக வைத்துள்ளன. டைரக்டரி எனப்படும் அது, எவர் எக்கணினியைத் திறக்கலாம், எவர் எக்கோப்பைக் காணலாம் என்பவற்றையெல்லாம் ஓரிடத்தே சொல்லும். 1988-இல் எக்ஸ்.500 என்னும் உலகப் பொதுவிதி தோன்றிற்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரின் முயற்சியால் அதன் எளிய வடிவாகிய எல்டாப் 1993-இல் வெளிவந்தது. 2000-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் ஆக்டிவ் டைரக்டரி வந்தது. இவ்வேடு மரம்போல் கிளைத்தது; நிகண்டின் தொகுதிகளை ஒத்தது. நிர்வாகிகள் இதனுள் கையால் தேடாது, ஸ்கிரிப்ட் என்னும் ஆணைத்தொடர்களை எழுதித் தேடுகின்றனர். அங்ஙனம் எழுதுவார்க்குக் கணினியறிவு மட்டும் போதாது, மொழியறிவும் ஊரறிவும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நல்ல தேடலுக்கு வரையறைகள் நான்கு. எக்கிளையில் தொடங்குவது, எத்துணை ஆழம் செல்வது, எந்நிபந்தனைக்கு உட்பட்டாரைக் கொள்வது, அவரைப்பற்றிய எச்செய்திகளைப் பெறுவது என்பன அவை. இவற்றைச் சொல்லாது, ஏடு முழுவதையும் வரவழைத்துப் பின்னர்ப் பொறுக்குவார் பலர். ஆம்பூரில் நூறு ஆட்டுத்தோல் வேண்டிய வணிகர் ஒருவர், கிடங்கிலுள்ள தோல்களையெல்லாம் வண்டியேற்றித் தம் வீட்டிற்குக் கொணர்ந்து, அங்கே தரம் பிரித்து, மிச்சத்தை எறிவாரோ? கிடங்கிலேயே பிரித்தன்றோ வாங்குவார்? பவர்ஷெல்லில் ‘ஃபில்டர்’ என்னும் நிபந்தனையைக் கட்டளையோடு சேர்த்துக் கொடுத்தால் சர்வரே பிரித்துத் தரும். ‘வேர்-ஆப்ஜெக்ட்’ என்பதால் பிரித்தாலோ, யாவும் வலைவழியே வந்திறங்கிய பின்னரே பிரியும். இரண்டின் விடையும் ஒன்றே, செலவு ஒன்றன்று.

இனி, அடைவு என்பதொன்று உண்டு. பெயரின் முதலெழுத்துகளைச் சொல்லித் தேடினால், அடைவைக் கொண்டு சர்வர் விரைவில் காணும். ஈற்றெழுத்துகளை மட்டும் சொல்லி, முன்னே உடுக்குறியிட்டுத் தேடினால், அவ்வடைவு பெரிதும் பயன்படாது. பதிவுதோறும் பார்க்க நேரும். அகராதியை வைத்துக்கொண்டு எதுகை தேடுவார் படும் பாடு இதுவே. அதற்கென்றன்றோ முனிவர் தொடைக்குத் தனிப்பிரிவு வகுத்தார்? அடிக்கடி கேட்கப்படும் வினா எதுவோ அதற்கொரு அடைவு வேண்டும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஆக்டிவ் டைரக்டரி, இயல்பான அமைப்பில், ஒரு வினாவிற்கு ஒருமுறையில் 1000 பதிவுகளுக்கு மேல் தாராது. பக்கம் பக்கமாகத் தருக என்று கேளாத ஆணைத்தொடர், ஆயிரத்தோடு நின்றுவிடும். எழுதினவர் முழுவதும் பெற்றோம் என்று மகிழ்ந்திருப்பார். ஆயிரத்தோராவது மாணவர் தேர்வுக்காலத்தில் தம் கணக்கைத் திறக்க இயலாது நிற்பார். முன்பே வேலையைவிட்டு நீங்கினவர் ஒருவரின் கணக்கோ மூடப்படாது திறந்தே கிடக்கும். நூறு ஆடுகளுள் ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையை நாம் அறிவோம். அவன் அன்பை வியக்கும் நாம், அவன் எண்ணிப் பார்த்திருந்தான் என்பதை மறக்கின்றோம். எண்ணாதவனுக்குத் தொண்ணூற்றொன்பதும் முழுமந்தையே.

இவை எவ்வூர்க்கும் பொது; நம்மூர்க்கே உரியன சில உள. எல்டாப் விதிப்படி ஆள் என்னும் வகைப் பதிவிற்குக் குடும்பப்பெயர் இன்றியமையாதது. நம்மவருள் பலர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தைபெயரின் முதலெழுத்தே உண்டு. அவ்விடத்தில் ஒருவர் அம்முதலெழுத்தை இடுவர். மற்றொருவர் தந்தைபெயரை இடுவர். வேறொருவர் புள்ளியொன்றை வைப்பர். மேலும், உருதும் தமிழும் வழங்கும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில், முகம்மது என்னும் ஒரு பெயரே ஆங்கில எழுத்தில் பல வடிவம் கொள்ளும். ழகரத்தை ஒருவர் இரண்டெழுத்தால் எழுத, மற்றவர் ஓரெழுத்தால் எழுதுவர்.

ஊர்ப்பெயரும் நிலையாய் நில்லாது. வட ஆர்க்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாயிற்று. வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாயிற்று. ஆம்பூர் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தது. மாவட்டப்பெயரால் ஆம்பூராரைத் தேடினால், பழைய பதிவினர் ஒருபுறமும் புதிய பதிவினர் மறுபுறமும் நிற்பர். 635802 என்னும் அஞ்சல் எண்ணால் தேடினால் இருசாராரும் ஒருங்கே வருவர்.

இவ்விடரால் மிக வருந்துவார் பெண்டிரே. இப்பகுதியின் காலணித் தொழிற்சாலைகளில் அவர் பெருந்தொகையினராய் உழைக்கின்றனர். மணமானபின் தந்தையின் முதலெழுத்து நீங்கிக் கணவரின் முதலெழுத்து ஏறும். ஏடோ அவரை இருவராகக் கருதும். ஆண்டுக்கணக்கில் பிடித்த வருங்கால வைப்புநிதியும் இரு பெயர்களில் பிரிந்து கிடக்கக்கூடும். இதனைத் தவிர்க்கவே 2014-இல் தொழிலாளி ஒருவர்க்கு ஒன்றாக 12 இலக்க எண் ஏற்பட்டது. வேலை மாறினும் அவ்வெண் மாறாது. ஆதலின் பெயரைக் காட்டுதற்கும், மாறா எண்ணைத் தேடுதற்கும் கொள்க என்பது என் கருத்து.

‘கணினி விரைவுடையது, எப்படித் தேடினால் என்ன?’ என்பாரும் உளர். விரைவு பிழையைத் திருத்தாது. பிழையை விரைவில் தரும், அவ்வளவே. மேலும், வேண்டாத செய்தியைக் கேளாதிருத்தல் சிக்கனம் மட்டுமன்று, நாகரிகமும் ஆகும். ஒருவரின் அலுவலக எண்ணை அறிய வந்த ஆணைத்தொடருக்கு அவர் பிறந்தநாளும் வீட்டு முகவரியும் எற்றுக்கு?

நம் தோழருள் பலர் நாளை இத்தகைய ஏடுகளைக் காக்கும் பணியேற்பர். அவர்க்கு நான் விண்ணப்பிப்பது இது: கிளையறிந்து தொடங்குக, வேண்டியதே கேட்க, வந்ததை எண்ணுக, பெயர் வேறுபட்டமையால் ஒருவரையும் இல்லாதார் ஆக்கற்க. ஏட்டில் இருப்பது ஒரு வரிதான். அவ்வரியை நம்பி ஒரு குடும்பம் இருக்கின்றது.