பனகல் பூங்கா நிழல் எப்போது திரும்பும்?

தியாகராயநகரில் ஜவுளி எடுத்து, பாத்திரம் பார்த்து, கால் கடுத்துப் போனவர்கள் காசு கொடுக்காமல் உட்கார்ந்த இடம் பனகல் பூங்கா. சுற்றிலும் பஸ் இரைச்சல், உள்ளே மர நிழல். பையை மடியில் வைத்துக்கொண்டு கண் அசந்தவர்கள் எத்தனையோ பேர்!

அந்தப் பூங்காவின் ஒரு பகுதியை மெட்ரோ ரயில் எடுத்துக்கொண்டது. கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி பாதையில் சுரங்க ஸ்டேஷன் இங்கே வருகிறது. மரங்கள் போயின, தகர வேலி வந்தது. இங்கிருந்து கிளம்பிய 'மயில்' என்ற சுரங்க எந்திரம் 2025 ஜூலையில் கோடம்பாக்கத்தில் தலைகாட்டியது. ரயில் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கேள்வி வேறு.

ஏரி இருந்த இடம்

1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர் தி.நகர். அப்போது ஆண்டது நீதிக்கட்சி. 1921 முதல் 1926 வரை முதல் மந்திரியாக இருந்தவர் பனகல் ராஜா. அவர் பெயர்தான் பூங்காவுக்கு. உஸ்மான் ரோடு, ஜி.என். செட்டி ரோடு எல்லாம் அதே கட்சிக்காரர்கள் பெயர்தான்.

ஏரி போனாலும் தண்ணீர் பழைய இடத்தை மறக்கவில்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்கள் மிதந்தன. மாம்பலம் கால்வாயில் கட்டட இடிபாடு கிடந்ததும் அம்பலமானது. கான்கிரீட்டாகிவிட்ட பேட்டையில் தண்ணீர் குடிக்க மிச்சம் இருக்கும் மண் இந்த மாதிரி பூங்காதான்.

ஷெனாய் நகர் கணக்கு

ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை 2011-ல் இதே மெட்ரோ வேலைக்காக மூடினார்கள். 2017-ல் அங்கே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பூங்கா? அது ஜனங்கள் கைக்கு வர பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று! மூடியபோது தொட்டிலில் இருந்த பிள்ளை, திறந்தபோது ஊஞ்சல் ஆடும் வயதையே தாண்டிவிட்டது.

பனகல் பூங்காவில் இன்னொரு சிக்கல். ஸ்டேஷன் கூரைமேல் கொட்டும் மண் ஒன்றிரண்டு அடிதான் என்றால் புல் வளரும், குரோட்டன்ஸ் வளரும். வேப்பமரம் வேர் பிடிக்காது. எத்தனை அடி மண், வேலி எந்தத் தேதியில் விலகும் - இந்த இரண்டையும் பூங்கா வாசலில் போர்டு எழுதி மாட்டட்டும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் படித்துக்கொள்வார்கள்.