மினுக்கு முதலா? பிரேக் முதலா?



ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் வசதி நம்மில் யாருக்கும் இல்லை. நம் சைக்கிள் ஸ்டாண்டில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது பழைய யமஹா ஆர்.எக்ஸ்.100 தான். 1985-ல் இந்தியாவில் வந்து, 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. 98 சி.சி., 11 குதிரைத்திறன், எடை சுமார் 100 கிலோ. அதனால்தான் முறுக்கினதும் பாய்கிறது. நம்மைவிட வயதில் மூத்த இந்த வண்டி கைக்கு வந்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? ஸ்டிக்கர் கடைக்கு ஓடுகிறோம்!

நானும் அப்படித்தான் ஓடினேன். என் மாமா தொழுவத்தில் போட்டு வைத்திருந்த ஆர்.எக்ஸ்.100-ஐ, "காலேஜ் போக வெச்சுக்கடா" என்று கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். "வண்டியை ரிப்பேர் பண்ணணும்" என்றதும் அம்மா மகளிர் குழுவில் 8,000 ரூபாய் கடன் வாங்கித் தந்தார்கள். பெயின்ட், ஸ்டிக்கர், அலாய் வீல், சத்தம் போடும் சைலன்சர்... பணம் தீர்ந்தது. மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "தம்பி, ஓடுறதுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ற. நிக்கறதுக்கு நூறு, இருநூறு பண்ண மாட்டியா?" நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பத்தே நாளில், எங்கள் ஊர்த் திருப்பத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே வந்தது. முன் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. வாய்க்காலில் இறக்கினேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்கையில் ஆறு தையல். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எல்லாம் புதுசா பண்ணிட்டேன்னு சொன்னியேப்பா, அது ஏன் நிக்கல?"

வகுப்பில் படித்தது அப்போதுதான் புரிந்தது. வேகம் 40-லிருந்து 60 ஆனால் வண்டியின் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்கு ஆவதில்லை. இரண்டேகால் மடங்கு ஆகிறது. அத்தனையையும் வெப்பமாக்கித் தீர்க்க வேண்டியது டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூ. லைனர் தேய்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் சரியாகப் பிடிக்காது. 2019 ஏப்ரலில் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். அல்லது சி.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. நம் பழைய வண்டியில் இரண்டும் கிடையாது. லைனரும் டயரும்தான் நமக்குத் துணை.

சைலன்சர் விஷயமும் இப்படித்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அது வெறும் புகைக்குழாய் இல்லை. அதன் வடிவம் ஓர் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, எரியாமல் வெளியேறப் பார்க்கும் கலவையை உள்ளே தள்ளுகிறது. இஷ்டத்துக்கு வெட்டினால் சத்தம் ஏறும்; இழுவை குறையும்.

அழகே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கந்தல் வண்டியில் வந்து இறங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் எனக்கும் உண்டு. எங்களைப் போன்ற வீட்டிலிருந்து வருகிறவனுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. பெயின்ட்கூட துருவைத் தடுத்தால் அது உபயோகமான வேலைதான். எனவே எதைப் போட்டாலும் ஒரு கேள்வி கேட்போம்: "இது வண்டியில் என்ன வேலை செய்கிறது?" பதில் இல்லை என்றால் அது வரிசையில் கடைசியில் நிற்கட்டும். முதலில் பிரேக், அடுத்து டயர், அடுத்து விளக்கு, செயின். அதன் பிறகு எஞ்சின். மிச்சம் இருந்தால் ஸ்டிக்கர்!

நாம் டெக்னீஷியன் ஆகப் போகிறவர்கள். நாளைக்கு ஊரார் தங்கள் வண்டியை நம்மை நம்பி விடப் போகிறார்கள். நம் சொந்த வண்டியையே நிறுத்தத் தெரியாவிட்டால், டிப்ளமோவைச் சட்டம் போட்டு மாட்டி என்ன பயன்?

இப்போது என் வண்டியில் ஸ்டிக்கர் பாதி உரிந்து கிடக்கிறது. ஆனால், பிடித்தால் நிற்கிறது. அம்மாவின் கடனில் இன்னும் மூன்று தவணை பாக்கி.

— ஆட்டோமொபைல் பிரிவு, மூன்றாம் ஆண்டு மாணவன்