பதினாறாம் எண் கம்பியும் சவரக் கத்தியின் ஆணியும்

மடக்குச் சவரக் கத்தியின் ஆட்சி முடிதிருத்தும் நிலையங்களில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. மாற்று பிளேடு பொருத்தும் கத்தியே இன்று வழக்கில் உள்ளது. ஆயினும் பெங்களூர் ஸ்ரீராம்புரம் போன்ற பழைய குடியிருப்புகளில், பாட்டனாரின் ஷெபீல்டு அல்லது ஸோலிங்கன் கத்தியைப் புதுப்பிக்க விரும்புவோர் இல்லாமலில்லை. எஃகு அவர்களுக்குத் தடையன்று. ஆழ்ந்து அரிக்காத துருவை நீக்கித் தீட்டினால் அது மீண்டும் கூர் பெறும். தடையாக நிற்பது, கைப்பிடித் தகடுகளையும் அலகையும் இணைக்கும் சிற்றாணியும், அதன் இரு முனைகளிலும் அமரும் வாஷர்களுமே.

இவ்வாணியின் விட்டம் பெரும்பாலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.5875 மில்லிமீட்டர். கடையில் "பதினாறு" என்று கேட்டால் பதினாறாம் எண் கம்பியை எடுத்துக் கொடுப்பார்கள். பிரிட்டிஷ் கம்பி அளவுமுறைப்படி அதன் விட்டம் 0.064 அங்குலம், ஏறத்தாழ 1.63 மி.மீ. வேறுபாடு அற்பமெனத் தோன்றலாம். ஆனால் பழைய செல்லுலாயிடு தகட்டில் அதைப் பலவந்தமாகச் செலுத்தினால் தகடு வெடிக்கும். பதினேழாம் எண்ணோ 1.42 மி.மீ.; அலகு ஆடும், மடக்கும்போது கூர்முனை கைப்பிடியில் மோதிச் சிதையும். தொண்டையருகே செல்லும் கருவியில் இந்த ஆட்டத்தைப் பொறுக்க இயலாது.

இறுதியாக ஆணியடிக்கும் முன், பொருத்தம் பார்க்கச் சிறு திருகாணி உபயோகிப்போருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 10 பி.ஏ. திருகாணிக்கும் 1.6 மி.மீ. மெட்ரிக் திருகாணிக்கும் புரியிடைவெளி ஒன்றே, 0.35 மி.மீ. விட்டமும் புரியின் கோணமும் வேறு. ஆகவே ஒன்றின் நட்டு மற்றதில் சிறிது ஏறுவதுபோல் ஏறிச் சிக்கிக்கொள்ளும்.

இவை கிடைக்காத ஊரா பெங்களூர்? ஜாலஹள்ளியில் 1961 முதல் கைக்கடிகாரம் செய்த நகரம் இது. அத்தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது, எனினும் பீண்யாவில் நுண்ணிய உறுப்புகளைக் கடையும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. எஸ்.பி. சாலைக் கடைகளில் பித்தளைக் கம்பி உண்டு. நகரத்பேட்டைப் பொற்கொல்லரிடம் கொடுத்தால், துளைத்தகட்டின் வழியே இழுத்து வேண்டிய அளவுக்கு மெலியச் செய்துவிடுவர். இழுத்த பித்தளை கடினமாகும். மங்கிய சிவப்பாகச் சுட்டு ஆறவிட்டபின் தட்டினால்தான் தலை பிளவாமல் விரியும்.

குறைபாடு அளவைச் சொல்லும் முறையில்தான் உள்ளது என்பது என் அபிப்பிராயம். மெட்ரிக் முறையை ஏற்ற சட்டம் 1956-இல் வந்தது. இன்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் உள்ளது. ஆயினும் கம்பிச் சுருளின் மீது வெறும் எண்ணே காணப்படுகிறது. தலைமுறையாகப் பழகிய எண்ணை விடமுடியாது என்பார்கள் வணிகர்கள். விடவேண்டாம்; அருகில் மில்லிமீட்டரையும் எழுதினால் போதும். மூன்று அங்குலம் தேவைப்படுபவர் தலையில் ஒரு கிலோச் சுருளைக் கட்டுவதும் நியாயமன்று.

அதுவரை, வாங்கச் செல்பவர் பழைய ஆணியை வெர்னியர் அளவியால் அளந்துகொள்வது நலம். அலகு சுழன்ற நடுப்பகுதி தேய்ந்து மெலிந்திருக்கும். தகட்டினுள் அடங்கியிருந்த பகுதியையே அளக்க வேண்டும்.